வாங்கன்னு ஒரு வார்த்தை

தொண்டாமுத்தூர்
10.6.2024

என்ற உசுருக்கு நேரான அண்ணனுக்கு,

உங்க கூடப்பொறந்தவ பழனாத்தா சொல்லச் சொல்ல எழுதுனது. இங்க நானு, உங்க மச்சான், புள்ளைங்க ரெண்டு, மாடு ரெண்டு, கோழி அஞ்சு, எல்லாரும் நல்லா இருக்கறோமுங்க. அஞ்சு இல்ல கண்ணு, நேத்து ஒண்ணக் கீரிப்புள்ள கொண்டுபோயிருச்சு, நாலுன்னு எழுது. அட, நான் சொன்னதை அப்படியே எழுதிப்போட்டயா? சரி, இருக்கட்டும். எழுதறது பாப்பாதானுங்க, உங்க மருமக லோகப்பிரியா. அவ வாய்தான் பேசாதே தவிர, கை நல்லாப் பேசும்.

என்னடா இவ, போனை வெச்சுக்கிட்டுக் காயிதம் போடறாளேன்னு நெனைப்பீங்க. நான் மூணாங்கிளாஸோட தறிக்குழிக்குப் போனவ, நம்பரு படிக்கத் தெரியாது, உங்க போட்டோவைத் தொட்டுத்தான் பேசுவேன். இப்பத் தொட்டா உங்க கொரலு வரமாட்டேங்குது. பெருந்துறையில இருந்து உம்மல் குல்சும்னு ஒரம்மா எடுக்கறாங்க. மொத நாளு “ராங் நம்பருங்க”ன்னாங்க. ரெண்டாம் நாளு “மறுபடியுமா?”ன்னாங்க. மூணாம் நாளு “உங்க அண்ணன் பேச்சுத் தொணைக்கு ஆள் வெச்சிருக்கறாரு போங்க”ன்னு ஒரே சிரிப்பு. இப்ப தெனமும் பேசறோமுங்க. அவுங்க மகளுக்கு இது ஏழாம் மாசம். என்ற முட்டிவலிக்கு என்னமோ எண்ணெய் சொன்னாங்க, தேச்சேன், வலி அப்படியேதான் இருக்குது, ஆனா வாசம் நல்லா இருக்குது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்றேன். கொடைக்கானல் போயிட்டு வந்து மூணு வாரமாச்சு. நீங்க புதுக் காரு எடுத்து, எடுத்த கையோட தங்கச்சி குடும்பத்தைக் கூட்டிட்டுப் போறேன்னு நின்னீங்க பாருங்க, அந்த மனசு ஆருக்கு வரும்? இவரு மட்டும் ஆனை வாழைக்குள்ள பூந்துருமுன்னு காவலுக்கு நின்னுக்கிட்டாரு. அவரு கூட இருந்திருந்தா போற வழியில அந்தப் பெட்ரோல் பங்குல நடந்தது நடந்திருக்காதுன்னு இப்பத் தோணுதுங்க.

அன்னைக்குக் காலைல எங்களைக் கூட்டிட்டுப் போக நீங்க வந்தப்ப, கதவைத் தொறந்தது பாப்பா. வாங்கன்னு கேக்காம நின்னுட்டா. தப்புத்தானுங்க. அவ பொறந்தப்பவே அழுகலையே அண்ணா, நர்சம்மா ரெண்டு சாத்து சாத்துனதுக்கு அப்பறந்தான் சத்தம் வந்துச்சு. கோழிக்குஞ்சு கூட முட்டைக்குள்ள இருந்தே கத்தும். இவ அப்படி. பதினாறு வயசாச்சு. அதுக்காக அந்த வெயில்ல அவளை விட்டுப்போட்டுப் போனது, அண்ணா, சித்த எச்சாப் போச்சுங்க.

மனசுல வெச்சுக்காதீங்க. நம்பரு மாத்தியிருந்தா எழுதிப்போடுங்க.

உங்க தங்கச்சி
பழனாத்தாள்


சோமனூர்
24.6.2024

அம்மணி பழனாத்தாளுக்கு,

அண்ணன் ஈஸ்வரமூர்த்தி எழுதுவது. நான் நம்பரும் மாத்துல, ஒண்ணும் மாத்துல. நான் போட்டா உன்ற போனுக்கு மணியே போகமாட்டேங்குது. தடுத்து வெச்சுப்போட்டு, பெருந்துறை, எண்ணெய்னு கதை சொல்றயா? இருக்கட்டும். என்ற ஊட்டுக்காரி, உங்க நங்கையாளும் உனக்குப் போன் பண்ணக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். இனி எதுன்னாலும் எழுத்துல. எழுத்துன்னா நாளைக்கு இல்லைன்னு சொல்ல முடியாது.

என்ற பட்டறைல இருபது தறி ஓடுது. பக்கத்துல நிக்கறவன் பேசறது காதுல வுழுகாது. அந்தச் சத்தத்துலயும் வேலைக்கு வார பொம்பளைங்க என்னப் பாத்தா “வாங்க”ங்கறாங்க. உன்ற ஊட்டு வாசல்ல, தாய்மாமன் நான், விடிய எந்திருச்சு காரோட்டிட்டு வந்து நிக்கறேன். அந்த ஊமைக்கோட்டான் என்னை ஏற எறங்கப் பாத்துப்போட்டு உள்ள போகுது. நாய் வந்தாக்கூட “சூ”ன்னு ஒரு வார்த்தை கெடைக்கும்.

பங்குல நடந்தது வெளையாட்டு. அவ பாத்ரூம் போயிட்டு வந்தா. கண்ணாடிய எறக்கி, “வாங்க மாமான்னு ஒருக்காச் சொல்லு, நிறுத்தறேன்”னேன். நகுத்தி நகுத்தி நாலு தடவை நிறுத்துனேன். செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடியாராளே ஒழிய, வாயத் தொறக்குல. என்ற பையன் அருண் வீடியோ புடிச்சான். உங்க நங்கையா சிரிச்சா. நீயும் சிரிச்சே. அப்பறம் கோவத்துல நேரா ஓட்டிப்போட்டேன். முன்னாடி ஒரு மெஸ்ல கறிச்சோறு சாப்புட்டுப்போட்டு, திரும்பி வந்து ஏத்திக்கிட்டோமல்ல? தொலைச்சா போட்டோம்? ஒண்ணே கால் மணி நேரம். அதுக்கு இத்தனை பேச்சு.

அவ வாயில அந்த வார்த்தை வார வரைக்கும் உன்ற ஊட்டு வாசப்படிய நான் மிதிக்கறதா இல்ல.

ஈஸ்வரமூர்த்தி


தொண்டாமுத்தூர்
28.7.2024

கோவத்துலயும் அழகா இருக்கற என்ற அண்ணனுக்கு,

உங்க காயிதத்தைப் பாப்பா எனக்குப் படிச்சுக் காட்டுனா. ஊமைக்கோட்டான்னு எழுதுன எடத்துலயும் நிறுத்தாமப் படிச்சா. எனக்குத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்னு எந்திரிக்கற மாதிரி ஆயிருச்சு. போயிட்டு வந்தா, விட்ட எடத்துல இருந்து மறுபடியும் படிச்சா.

நான் சிரிச்சது நெசந்தானுங்க. எனக்குப் பயம் வந்தா அழுகை வராது, இந்த எழவெடுத்த சிரிப்புத்தான் வரும். நம்மப்பன் செத்தன்னைக்குப் பாடைய எடுக்கையில நான் சிரிச்சேனா இல்லையா? நீங்கதான என்ற வாய முந்தானையில பொத்தி, ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காலிக்கு இழுத்துட்டுப் போனீங்க. அன்னைக்குக் காருல உங்களைப் பாத்தா அப்படியே நம்மப்பன் மாதிரி இருந்தீங்க. நிறுத்துங்கண்ணான்னு சொல்ல வந்தேன், சிரிப்பு வந்துருச்சு. இதை எழுதிட்டயா கண்ணு? பாருங்க, நிமிந்தே பாக்காம எழுதறா.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அருணு அந்த வீடியோவை நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்டானல்ல, அது ஆரு மூலமோ பள்ளிக்கோடத்துக்கும் போயிருச்சு. புள்ளைங்க செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு இவ பின்னாடி ஓடறாங்களாம். மத்தியானச் சோத்தை வேப்பமரத்துக்குப் பின்னாடி ஒத்தையில உக்காந்து திங்கறாளாம். அவ சொல்லுல, அவிக டீச்சரு சொன்னாங்க. அதை மட்டும் எடுத்துப்போடச் சொல்லுங்க அண்ணா.

இப்ப நல்ல சேதி. தீபக்குக்குக் காதுகுத்து வெச்சாச்சு. ஆவணி இருவத்தி மூணு, ஞாயித்துக்கெழமை, காலைல ஏழு மணிக்கு மேல, எங்க கோயில்ல. பாப்பா பொறந்து பத்து வருசம் கழிச்சு வேண்டிப் பெத்தவன், இப்ப வயசு ஆறு. உங்க மடியில உக்கார வெச்சுத்தான் அவனுக்குக் காது குத்தோணும். இவரு சொல்றாரு, “உங்கண்ணன் வல்லீன்னா உங்க சித்தப்பன் மகன் அங்கப்பன் இருக்கறான், அவனும் மாமன் மொறைதான”ன்னு. நான் ஒத்துக்குவனா? கெணத்துத் தகராறுல உங்களைக் கை நீட்டுனவன் மடியில என்ற புள்ளை உக்காருவானா? சீமையில இல்லாத ஞாயமா இருக்குது.

அப்பறம் உம்மல் குல்சும் மகளுக்குச் சீமந்தம் மாதிரி என்னமோ வெச்சாங்களாம். வளையல் போட்டதைப் போனுலயே கேட்டேன், கலகலன்னு.

பதில் போடுங்க. நான் வாசலப் பாத்துட்டே இருக்கறேன்.

பழனாத்தாள்


சோமனூர்
14.8.2024

அம்மணி பழனாத்தாளுக்கு,

நம்மப்பன் மாதிரி இருந்தேன்னு நீ எழுதுனதைப் படிச்சுப்போட்டு ரெண்டு நாள் பட்டறைக்குப் போகல. அதை நல்லதுக்குச் சொன்னயா, கெட்டதுக்குச் சொன்னயான்னு வெளங்குல.

வீடியோவைப் பெரிசு பண்ணாதே. பாத்தவங்க எல்லாம் சிரிச்சாங்க, அவ்வளவுதான். அதை எடுக்கோணும்னா அவளே வந்து என்ற மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும். அப்படியாவது வாய் தொறக்குதான்னு பாக்கறேன்.

தீபக் வேற கணக்கு. கடுக்கன் தட்டியாச்சு, செவப்புக் கல்லு வெச்சது. மடியில விரிக்கப் பட்டு எடுத்தாச்சு. அங்கப்பன் பேச்சை இனி எடுக்காதே.

ஆனா பழனா, நான் சொன்ன சொல்லு ஊருக்குள்ள தெரியும். சும்மா வந்து நின்னா நாளைக்கு எவனும் மதிக்கமாட்டான். அந்தப் புள்ளை வாயில வராட்டிப் போகுது. நீ சொல்லு. “அண்ணா வாங்க”ன்னு நீ சொல்லி, எழுத்துல வரட்டும். ஒருக்கா இருந்தாப் போதும். அச்சடிச்ச பத்திரிகை ஊருக்கு, எனக்கு வேண்டாம். அந்த ஒரு வார்த்தை இருந்தா வாரேன். இல்லாட்டி இல்ல.

உங்க நங்கையா உன்ற கையால சுட்ட கச்சாயம் கேட்டா.

அண்ணன்
ஈஸ்வரமூர்த்தி


தொண்டாமுத்தூர்
27.8.2024

என்ற தங்கமான அண்ணனுக்கு,

உங்க காயிதம் வந்ததுல இருந்து எனக்குக் கால் தரையில படல. மாட்டுக்கு வெச்ச தவிட்டைக் கோழிக்குப் போட்டுப்போட்டு, கோழிக்குப் போட வேண்டியதை எங்கயோ வெச்சுப்போட்டுத் தேடிக்கிட்டு இருக்கறேன். இவரு “உங்கண்ணன் என்ன, மந்திரியா?”ங்கறாரு. மந்திரி வந்தா எனக்கென்ன, போனா எனக்கென்ன.

அண்ணா. நீங்க, நங்கையா, அருணு, மூணு பேரும். மொத நாளே. சனிக்கெழமை மத்தியானச் சோத்துக்கே. கெழக்கால ரூமுல கெடந்த மோட்டார் சாமானம், மருந்தடிக்கற டப்பா எல்லாம் வெளிய போட்டு உங்களுக்குன்னு மொழுகி வெச்சாச்சு. ஒரு பல்லி மட்டும் போகமாட்டேங்குது. அது பாப்பா சின்னதுல இருந்து அங்கதான் இருக்குது, நல்ல பல்லி.

பேரூர் வழியா. அங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கறாங்க, மெதுவா. சாயங்காலம் ஆயிருச்சுன்னா ஆனை எறங்கும், அதனால வெளிச்சத்துலயே. போன வாரம் ஒண்ணு வந்து, நம்ம தென்னைய உட்டுப்போட்டுப் பக்கத்துத் தோட்டத்துல போய்த் தின்னுச்சு. இவருக்கு ஒரே சந்தோசம். அந்தத் தோட்டத்துக்காரரு, நாங்க கண்ணைக் காட்டி ஏவி உட்டமாதிரி மொறைக்கறாரு.

கச்சாயத்துக்கு அரிசி ஊறப் போட்டுருவேன். நங்கையாளுக்குன்னு ஏலக்காய் எச்சா. நங்கையா நீங்களும்.

தீபக் தெனமும் ஒரு தலையாணிய மடின்னு வெச்சு, அது மேல உக்காந்து காதைக் காட்டறான். “மாமா மடி இதை விடப் பெரிசா?”ன்னு கேக்கறான். பெரிசுடா, நம்ம ஊட்டு நெல்லுக் குதிரு மாதிரின்னேன். அண்ணா. அவனுக்காச்சும்.

சொல்லிட்டேன். மனசாரச் சொல்லிட்டேன். நீங்க கேட்டது ஒருக்கா, நான் எத்தனை தடவை சொன்னேன்னு எனக்கே தெரியல. பாப்பாதான் எண்ணியிருப்பா. நம்மப்பன் ஆத்தா சாமியா இருந்து கேட்டுக்கட்டும். அண்ணா.

உங்க
பழனாத்தாள்


சோமனூர்
12.9.2024

பழனாத்தாளுக்கு,

இது கடைசிக் காயிதம்.

ஞாயித்துக்கெழமை விடியக் காலைல பட்டு வேட்டி கட்டி, கடுக்கன் பொட்டிய எடுத்துக்கிட்டுப் பொறப்பட்டு பேரூர் வரைக்கும் வந்தேன். கொளத்துக்கரையில காரை நிறுத்தி உன்ற காயிதத்தை மறுபடியும் பிரிச்சேன். எட்டுத் தடவை படிச்சேன். பல்லி இருக்குது. ஆனை இருக்குது. மோட்டார் சாமானம் இருக்குது. நான் கேட்ட அந்த ஒரு வார்த்தை எங்கயும் இல்ல. “மூணு பேரும்”ங்கறே. மூணு பேரும் என்ன பண்றது? “சொல்லிட்டேன், மனசாரச் சொல்லிட்டேன்”ங்கறே. எதைச் சொன்னே? கேட்டவனைக் கேணையனாக்கிப் பாக்கறயா?

உங்க நங்கையா, “எழுத்துல இல்லாட்டி என்னுங்க, நம்ம பழனாதானுங்க, போலாம்”னா. கார்ச் சாவிய வண்டிக்குள்ள வீசிப்போட்டுக் கீழ எறங்கி நின்னுக்கிட்டேன். ஏழு மணி ஆச்சு. ஏழே கால் ஆச்சு. எங்கயோ கொட்டுச் சத்தம் கேட்டுச்சு, அது வேற கலியாணம். கரையில வெயில் ஏற ஏற, பொட்டியக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணே கால் மணி நேரம். அப்பறம் திருப்பிட்டேன்.

அங்கப்பன் மடியில உக்கார வெச்சயாம். கேள்விப்பட்டேன். அவன் சோமனூர்ச் சந்தையில நாலு பேருக்கு மத்தியில என்னப் பாத்து மீசையத் தடவறான்.

ஒரு வார்த்தை. அதை எழுத உனக்கு ஏன் மனசு வல்ல பழனா? அதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் எழுதாதே.

இனி எனக்குக் கூடப்பொறந்தவ இல்ல.

ஈஸ்வரமூர்த்தி


தொண்டாமுத்தூர்
20.9.2024

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. தபால் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். நான் தலையாட்டினால் போதும், யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அம்மா அந்தச் சொல்லைச் சொன்னாள். பதினொரு தடவை சொன்னாள். கடைசித் தடவை சொல்லும்போது அழுதாள். அவள் சொன்னதையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் எழுதினேன், பல்லியைக்கூட. அந்த ஒரு சொல் வந்த பதினொரு இடத்திலும் முற்றுப்புள்ளி வைத்தேன். உங்களிடம் அந்தக் கடிதம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும்.

போனும் நான்தான். கொடைக்கானலிலிருந்து திரும்பிய அன்றைக்கே உங்கள் எண்ணை அடைத்துவிட்டு, அம்மா தொடுகிற உங்கள் படத்துக்குக் கீழே கடைசியில் இருந்த மூன்றை எட்டாக மாற்றினேன். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பெருந்துறை அம்மா எடுத்துவிட்டார். அவருக்குப் போன வாரம் பேத்தி பிறந்தது. அம்மா சர்க்கரை வைத்துச் சாமி கும்பிட்டாள்.

பங்கில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. காற்றடிக்கிற அண்ணன் ஒருவர், “ஆரு பாப்பா நீ, எந்த ஊரு, அப்பா நம்பரு சொல்லு, நான் போடறேன்” என்று கேட்டார். பத்து எண்ணும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், வரவில்லை. நான் திமிர் பிடித்து நிற்பதாக நீங்கள் நினைத்தீர்கள். காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோதும் அப்படித்தான். உங்கள் கார் சத்தம் கேட்டதிலிருந்து கதவுக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவைத் திறந்ததும் போய்விட்டது. பங்கில் அந்த அண்ணன் முன்னால் குனிந்து, காற்று மெஷின் மேல் இருந்த புழுதியில் விரலால் அப்பா எண்ணை எழுதினேன். அப்பா தோட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. ஆனால் வாயில் வராதது விரலில் வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

காரின் பின்கண்ணாடியில் அம்மா சிரித்ததையும் பார்த்தேன். அதனால் இது உங்களுக்கு மட்டும் செய்ததில்லை. காதுகுத்து அன்றைக்கு அவள் கோயில் வாசலிலேயே நின்றாள். ஒவ்வொரு காராகப் பார்த்தாள். முகூர்த்தம் தப்பிவிடும் என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தபோது, அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். பயம் வந்தால் சிரிப்புத்தான் வரும் என்று அவள் முந்தைய கடிதத்தில் சொன்னது பொய் என்றுதான் நினைத்து எழுதியிருந்தேன். பொய் இல்லை. அதைக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

தம்பி அங்கப்பன் மாமா மடியில் நெளிந்தான். “இது எங்க மாமா மடி இல்ல, இது சின்னதா இருக்குது” என்றான். அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

வேறு எதற்கும் வருத்தமில்லை. அந்த வீடியோ இன்றைக்கும் குழுவில் இருக்கிறது. நாற்பத்தாறு பேர் சிரித்திருக்கிறார்கள். நான் போய் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால் எடுப்பதாக எழுதினீர்கள். நான் கேட்கப்போவதில்லை. அது அங்கேயே இருக்கட்டும். நீங்கள் பேரூர்க் கரையில் நின்ற ஒன்றேகால் மணி நேரத்தை யாரும் படம் எடுக்கவில்லை என்பதுதான் குறை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எழுதிப் போடுங்கள், படித்துக் காட்டுவது நான்தான். ஆள் விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இனி யார் வந்தாலும் அங்கப்பன் மாமாவுக்குத் தெரியும், சந்தைக்குத் தெரியும், பதினாறு வயது ஊமைக்கோட்டானிடம் நீங்கள் ஏமாந்தது ஊருக்குத் தெரியும். அது உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே நேரில் ஒன்றுதான் வழி.

ஒருநாள் அந்தக் காரில் எங்கள் வாசலில் இறங்குங்கள். தாய்மாமன் தானாக வந்து நின்றார் என்று அம்மா சந்தோஷத்தில் செத்தே போவாள். ஆனால் அவளுக்கு முட்டிவலி, எழுந்து வர நேரமாகும். கதவைத் திறப்பது எப்போதும் நான்தான்.

திறப்பேன். நிற்பேன். நீங்களும் நில்லுங்கள்.

அந்தச் சொல்லை இந்தக் கடிதத்திலும் தேடுவீர்கள். எட்டுத் தடவை படியுங்கள்.

லோகப்பிரியா